ரோஸ் பெங்கால் பாசிட்டிவ், டியூப் டெஸ்ட்டில் 1:80: அப்பாவுக்குக் கன்று வீச்சு நோய்தானா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. ஐந்து வாரமாகக் காய்ச்சல். பொழுது சாயும்போது ஏறுகிறது, விடியற்காலையில் பனியன் பிழியப் பிழிய வியர்த்து இறங்குகிறது. இடுப்பு வலியில் குனிய முடியவில்லை. டைபாய்டு என்று இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். நான்கு நாள் நின்றது, திரும்ப வந்தது. இப்போது தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், கன்று வீச்சு நோயை உண்டாக்குகிற புருசெல்லா என்ற கிருமிக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். ரோஸ் பெங்கால் டெஸ்ட் பாசிட்டிவ், டியூப் டெஸ்ட் 1:80. ஆனால் அதே தாளின் அடியில் '1:160 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ்' என்று அச்சடித்திருக்கிறது. டாக்டர் ஆறு வாரம் மருந்து என்கிறார். எதை நம்புவது, வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா, மாட்டை விற்றுவிடலாமா என்பது கேள்வி. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: கார்த்திகையில் வீட்டு மாடு ஏழு மாதச் சினையில் கன்று வீசியது, அதாவது குறைமாதத்திலேயே கன்று விழுந்தது, அப்பாதான் கையால் இழுத்துப் போட்டார்.

தம்பி, அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். தஞ்சாவூர் டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் ஆறு வாரம் மருந்து என்று ஏன் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. சொல்லவில்லை என்றால் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக இந்த டெல்டாவில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். இந்த டெஸ்ட்டைக் கையால் செய்து, கண்ணால் பார்த்து, எண்ணைத் தாளில் எழுதுகிற ஆள். அதனால் எண்ணைப் பற்றி விளக்கமாகச் சொல்கிறேன். மருந்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் நீங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியவை.

நேரான பதில் இது: உங்கள் தாளில் இருக்கும் இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. 1:80 என்பது 'இல்லை' என்று அர்த்தமும் இல்லை. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆனால் கார்த்திகையில் மாடு கன்று வீசியது, வெறுங்கையால் எடுத்தது, நாலைந்து வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது, சாயங்காலம் ஏறி விடியலில் வியர்ப்பது, இடுப்பு வலி, இவ்வளவையும் அந்த 1:80க்குப் பக்கத்தில் வைத்தால் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது.

புருசெல்லா மாட்டிலும் ஆட்டிலும் வாழ்கிற கிருமி. மாட்டில் வருவது புருசெல்லா அபார்ட்டஸ், ஆட்டில் வருவது புருசெல்லா மெலிடென்சிஸ். சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரைப் பொருள் நிறைய இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது விருந்து. அதனால்தான் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, சினை முற்றிய நிலையில் கன்று வீசுகிறது, கொடி விழாமல் தங்குகிறது. அப்படி விழுந்த கன்றிலும் கொடியிலும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும். கண்ணில் தெறித்தாலும், காற்றில் மூச்சோடு போனாலும் உள்ளே ஏறும். உடம்பில் நுழைந்த பிறகு நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறி ஒளிந்துகொள்கிறது. காய்ச்சல் அலை அலையாக வருவதற்கும், நாலு நாள் மருந்தில் அடங்கினது போலக் காட்டித் திரும்புவதற்கும் அந்த ஒளிவிடம்தான் காரணம்.

சரி, இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது? கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியைப் பார்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைப் பார்க்கிறது. திருடனைப் பார்க்கவில்லை, திருடன் வந்துபோன தெருவில் நாய் குரைத்ததைக் கேட்கிறோம். நேற்று வந்த திருடனா, போன வருடம் வந்தவனா என்பதைக் குரைப்பை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது. முதலில் ஐஜிஎம் என்ற வகை, தொற்றிய முதல் வாரக் கடைசியில் தலைகாட்டும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஐஜிஜி வரும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் இரண்டும் உச்சத்துக்குப் போகும். காய்ச்சல் வந்த நாலாம் நாள் டெஸ்ட் எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ரோஸ் பெங்கால் டெஸ்ட்டை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரே தடவையில் புரிந்துவிடும். கொல்லப்பட்ட புருசெல்லா கிருமிகளுக்கு ரோஸ் பெங்கால் என்ற சாயம் ஏற்றி, அமிலத்தன்மையுள்ள ஒரு திரவத்தில் வைத்திருப்பார்கள். பார்த்தால் ரோஜாப்பூ சர்பத் நிறம். வெள்ளைத் தட்டில் அப்பாவுடைய சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்ததும் பிரிந்து நிற்கிற தெளிந்த நீரில், ஒரு சொட்டு, பக்கத்தில் இந்த ரோஸ் திரவம் ஒரு சொட்டு, குச்சியால் கலந்து, தட்டைத் தொட்டில் ஆட்டுவது போல நாலு நிமிடம் மெல்ல ஆட்ட வேண்டும். ஆன்டிபாடி இல்லை என்றால் கடைசி வரை ஒரே சீராக ரோஸாகவே இருக்கும். இருந்தால், பால் திரிகிற மாதிரி, முதலில் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கட்டி, பிறகு நடுவரைக்கும் ரவை ரவையாகப் பிரிந்து, இடையில் தெளிந்த நீர் தெரியும். நாலு நிமிடம் முடிந்ததும் படித்துவிட வேண்டும். போன் பேசிவிட்டு எட்டு நிமிடம் கழித்து வந்து பார்த்தால் ஓரம் காய்ந்துபோய் அதுவே ரவை போலத் தெரியும். இல்லாத நோய் தாளில் ஏறிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோஸ் திரவத்தைக் குளிர்ச்சி போகாமல் பயன்படுத்தினாலும் முடிவு கெடும். மலிவான, விரைவான, நல்ல சோதனை. ஆனால் வடிகட்டுகிற சோதனை. இதில் சிக்கியதை அடுத்த சோதனையில் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது டியூப் டெஸ்ட். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். முதல் குழாயில் சீரத்தை 20 மடங்கு நீர்க்கச் செய்திருப்போம், அடுத்ததில் 40 மடங்கு, அப்புறம் 80, 160, 320 என்று இரட்டித்துக்கொண்டே போவோம். எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமித் திரவம். 37 டிகிரியில் ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். ஆன்டிபாடி போதிய அளவு உள்ள குழாயில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் மெல்லிய பாய் விரித்த மாதிரி கிருமிகள் படிந்திருக்கும். தட்டினால் அது செதில் செதிலாக எழும்பும். போதாத குழாய் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாகவே நிற்கும். கடைசியாக எந்தக் குழாய் தெளிந்திருக்கிறதோ அதுதான் தாளில் ஏறுகிற எண். அப்பாவுக்கு 80 மடங்கு நீர்க்கச் செய்த குழாய் வரை தெளிந்தது, 160 கலங்கிவிட்டது. அவ்வளவுதான் 1:80.

அப்படியானால் 1:160 என்ற கோடு எங்கிருந்து வந்தது? நோய் இல்லாதவர்களையும் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட கோடு அது. மாட்டோடும் ஆட்டோடும் புழங்குகிற ஊரில் காய்ச்சலே இல்லாமல் நல்லபடியாக நடமாடுகிற சிலருக்கும் 1:40, 1:80 என்று ஆன்டிபாடி இருக்கும். எப்போதோ கிருமி உரசிவிட்டுப் போயிருக்கும். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்கள், கறிக்கடைக்காரர்கள், பால்காரர்கள் இவர்களிடம் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் நோய் பரவலாக உள்ள இடங்களில் கோட்டை 1:320 வரை உயர்த்தி வைப்பவர்களும் உண்டு, நோய் அரிதான இடங்களில் 1:80ஐயே பொருட்படுத்துபவர்களும் உண்டு. வயலுக்கு வரப்பு போடுவது போலத்தான் இந்தக் கோடும். வரப்புக்கு இந்தப் பக்கம் முளைத்தது எல்லாம் களை என்று ஆகிவிடாது.

இந்த டெஸ்ட் ஏமாற்றுகிற இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தாலும் முதல் சில குழாய்கள் தெளியாமல் கலங்கலாகவே நின்றுவிடும். கிருமிகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்ட ஆன்டிபாடியும் கிருமியும் ஓர் அளவில் இருக்க வேண்டும். கூட்டம் அதிகமாகிவிட்டால் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக ஆன்டிபாடி மூடிக்கொண்டு, கோர்வையே நடக்காது. இதற்குப் புரோசோன் என்று பெயர். பல வருடங்களுக்கு முன்பு, மன்னார்குடிப் பக்கத்து ஆடு வியாபாரி ஒருவருக்கு வெளியில் ஒரு கூடத்தில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்திருந்தது. குழாய்களை 1:160 வரை மட்டும் வைத்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். இரண்டு மாதம் வெவ்வேறு மருந்து சாப்பிட்டு, எடை குறைந்து, கைத்தடி ஊன்றி எங்களிடம் வந்தார். ரோஸ் பெங்கால் தட்டில் அரை நிமிடத்திலேயே ரவை கட்டியது. எனக்குச் சந்தேகம் வந்து குழாய்களை நீட்டிக்கொண்டே போனேன். 20, 40, 80, 160 எல்லாம் கலங்கல். 320இல் தெளிந்தது, 640 தெளிந்தது, 1280 தெளிந்தது. குழாய்கள் செருகிய அந்த ராக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நாலு குழாய் கூடுதலாக வைக்காத சோம்பலுக்கு ஒரு மனிதர் இரண்டு மாதம் வலியோடு கிடந்திருக்கிறார். ரோஸ் பெங்கால் நன்றாகக் கட்டி, டியூப் டெஸ்ட் மட்டும் குறைவாக வந்தால், எத்தனை குழாய் வரை வைத்தீர்கள் என்று கூடத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் அப்பா விஷயத்திலும் கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது இரண்டாவது மாதிரி. முதல் ரத்தம் எடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எண் நாலு மடங்கு ஏறினால், அதாவது 1:80 என்பது 1:320 ஆனால், கிருமி இப்போது உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். 1:80 என்பது 1:160 ஆனால் அது ஒரே ஒரு குழாய் வித்தியாசம். கண் பார்வையிலும் கை அளவிலும் அந்த அளவு முன்னே பின்னே வரும். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அப்புறம், முதல் தடவை எடுத்த சீரத்தை உறையவைத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதிரியையும் ஒரே கூடத்தில், ஒரே நாளில், ஒரே சோதனைத் திரவப் புட்டியை வைத்துச் செய்தால்தான் ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. இன்று தஞ்சாவூரில் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத் திருச்சியில் ஒன்று என்று எடுத்தால் இரண்டு வெவ்வேறு மரக்காலில் நெல் அளந்த கதைதான்.

ஆனால் இரண்டாவது மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடங்குவதா காத்திருப்பதா என்பது டாக்டர் முடிவு. அவர் தொடங்கச் சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்பு ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். கல்ச்சர் என்றால் கிருமியையே வளர்த்துக் கண்டுபிடிப்பது. அதில் கிருமி வந்துவிட்டால் வேறு பேச்சே இல்லை. வராவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது, ஏனென்றால் நோய் இருக்கிற பலருக்கும் கல்ச்சரில் வளர்வதில்லை. மெதுவாக வளர்கிற கிருமி, பழைய முறையில் மூன்று நாலு வாரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: கல்ச்சர் சீட்டில் 'புருசெல்லா சந்தேகம்' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேலையிலேயே தொற்றுகிற கிருமிகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. திறந்த மேசையில் தட்டைத் திறந்து மோந்து பார்க்கிற பழக்கம் சிலருக்கு இன்னும் உண்டு. அந்த ஒரு வரி ஒரு பெண்ணையோ பையனையோ காப்பாற்றும்.

எலைசா என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனையில் ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். டியூப் டெஸ்ட்டிலேயே 2-மெர்காப்டோஎத்தனால் என்ற ரசாயனத்தைச் சேர்த்துச் செய்கிற முறையும் உண்டு. அது ஐஜிஎம்மை உடைத்துவிடும், மிஞ்சி நிற்பது ஐஜிஜி. ஐந்து வாரக் காய்ச்சலில் ஐஜிஜி நன்றாக இருந்தால் சந்தேகம் இன்னும் இறுகும். எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள், மாதிரியைச் சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பினால் சீரத்தைப் பிரித்து, ஐஸ் வைத்து அனுப்பட்டும். வெயிலில் பஸ் பார்சலில் குலுங்கிப் போன ரத்தத்தில் அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோய், சோதனைக்கு உதவாது.

புருசெல்லா இல்லாமலே இந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. யெர்சினியா என்டெரோகோலிடிகா என்ற குடல் கிருமியில் ஓ:9 என்ற வகை, காலராக் கிருமி, ஈ.கோலையில் ஓ:157, இவற்றின் மேல்பூச்சு புருசெல்லாவுடையதைப் போலவே இருப்பதால் ஆன்டிபாடி ஆள் தெரியாமல் கட்டிக்கொள்ளும். டைபாய்டுக்கு எடுக்கிற வைடால் டெஸ்ட்டிலும் இதே தொல்லை உண்டு. அதுவும் ஆன்டிபாடிக் கணக்குதான். ஒற்றை வைடால் எண்ணை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவு கட்டுவதை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருந்துகிறேன். இன்னொன்று, நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் இறங்குகிறவருக்கு எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் வரும். ஐந்து வாரம் இழுப்பது அவற்றின் வழக்கமான போக்கு இல்லை என்றாலும், டாக்டர் அவற்றுக்கும் சேர்த்து எழுதினால் தேவையில்லாத செலவு என்று நினைக்காதீர்கள்.

இந்த ஆன்டிபாடி சோதனைக்கு ஒரு பெருமையான பழைய கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. மத்தியதரைக் கடலில் மால்டா தீவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இந்தக் காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார், அவர் பெயரில்தான் புருசெல்லா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1905இல் அதே தீவைச் சேர்ந்த தெமிஸ்டாக்கிளஸ் சம்மிட் என்ற மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தை எடுத்து இதே மாதிரிக் கட்டுகிறதா என்று பார்த்தார். பார்வைக்குக் கொழுகொழுவென்று நன்றாக இருந்த ஆடுகளின் ரத்தம் கட்டியது. பாலிலும் கிருமி இருந்தது. 1906இல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் மளமளவென்று இறங்கிவிட்டது. நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது ஒரு சொட்டு ரத்தம்.

மருந்துக்கு வருவோம். வழக்கமாக டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசின், இரண்டும் ஆறு வாரம். அல்லது டாக்சிசைக்ளின் ஆறு வாரம், கூடவே முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் ஒற்றை மருந்தோ பத்து நாள் மருந்தோ போதாது. பத்தாம் நாள் காய்ச்சல் நின்றுவிடும், அப்பா 'நல்லாத்தானே இருக்கேன்' என்பார், மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார். திரும்பி வருவது பெரும்பாலும் இப்படித்தான். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்கட்டும், விழுங்கியதும் படுக்க வேண்டாம், உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்த ஆறு வாரம் உச்சி வெயிலில் வயலில் நிற்பதையும் குறைத்துக்கொள்ளட்டும், தோல் கன்றிப்போகும்.

அவருடைய இடுப்பு வலியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கிருமி இடுப்பு மூட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். நம் நாட்டில் காய்ச்சலோடு முதுகெலும்பு வலி என்றால் காசநோயும் இருக்கலாம், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் பொதுவான மருந்து. காசநோய் உள்ளே இருப்பது தெரியாமல் ரிஃபாம்பிசினை இந்த நோய்க்கு மட்டும் ஆறு வாரம் கொடுத்தால், காசநோய் பாதி அடங்கின மாதிரிக் காட்டி, மருந்துக்குப் பழகிய கிருமியாக மாறிவிடும். அதனால் தொடங்கும் முன் 'சார், காசநோய் இல்லை என்று பார்த்தாயிற்றா, முதுகுக்கு ஸ்கேன் வேண்டுமா?' என்று கேளுங்கள். முதுகெலும்பில் இறங்கியிருந்தால் மருந்தும் ஆறு வாரத்தைத் தாண்டி நீளும். ஆண்களுக்கு விதை வீங்குவதும் இந்த நோயில் உண்டு, அதை வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மருந்து முடிந்ததும் டெஸ்ட் எடுத்து 'இன்னும் பாசிட்டிவ்' என்று கலங்குகிறவர்கள் நிறையப் பேர். நோய் போன பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் நிற்கும். காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது என்றால் அந்த எண்ணுக்காக இன்னொரு சுற்று மருந்து வேண்டாம். இறங்கிக்கொண்டிருந்த எண் திரும்ப ஏறி, கூடவே காய்ச்சலும் வந்தால்தான் கவலை. திரும்புவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நடக்கும். அதுவரை டாக்டர் சொல்கிற இடைவெளியில் காட்டிக்கொண்டிருங்கள்.

வீட்டில் யார் டெஸ்ட் எடுப்பது? கன்று வீசிய அன்று கூட நின்று பிடித்தவர், கொட்டிலைக் கழுவியவர், அந்த மாட்டைக் கறப்பவர். நம் ஊரில் இது பெரும்பாலும் அம்மாதான். இவர்களில் யாருக்காவது காய்ச்சல், அசதி, மூட்டு வலி ஏதாவது இருந்தால் உடனே எடுங்கள். ஒன்றும் இல்லாமல் திடமாக இருக்கிற மற்றவர்களுக்கு வரிசையாக எடுக்க வேண்டியதில்லை. யாருக்காவது 1:40 என்று வரும், அப்புறம் தூக்கம் போகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, அப்பாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எல்லாம் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் மட்டும் கொட்டில் பக்கமே விடாதீர்கள், கரு கலையும் அபாயம் உண்டு. அவருக்குக் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இப்போது மாடு. விற்காதீர்கள், தம்பி. கன்று வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகவே கன்று போடும். பார்ப்பவர்கள் நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் கிருமியைக் கொட்டும், பாலிலும் விடும். சந்தையில் விற்றால் இன்னொரு வீட்டு அப்பாவுக்குத்தான் இந்தக் காய்ச்சலை விற்கிறீர்கள். முதலில் கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாட்டின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாட்டுக்கும் இதே ரோஸ் பெங்கால் தட்டுதான், இதே ரவைதான். கன்றாக இருந்தபோது இந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஊசியால் வந்த ஆன்டிபாடியும் தட்டில் கட்டும். வீட்டில் கிடேரிக் கன்று இருந்தால் நாலு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை போட வேண்டிய ஊசி இது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் அரசுச் செலவில் வருகிறது. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடுவதில்லை. மனிதருக்குத் தடுப்பூசி கிடையாது.

கார்த்திகையில் வீசிய கன்றை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முள்ளியாற்றிலோ வாய்க்காலிலோ விட்டிருந்தால், இனி ஒருபோதும் அப்படிச் செய்ய வேண்டாம். அதே தண்ணீரில் கீழே இன்னொரு ஊர் மாடு குடிக்கிறது. கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற பழக்கமும் கன்று வீசிய மாட்டுக்கு வேண்டாம். கீழே விழுந்தால் நாய் ஊரெல்லாம் இழுத்துப் போகும். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். கையில் உறை இல்லையென்றால் முழங்கை வரை நீளமான பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவி வெயில் படவிடுங்கள். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வாரக்கணக்கில் கிடக்கிற கிருமி, நேர் வெயிலைத் தாங்காது.

இன்னும் சில நாளில் அறுவடை முடிந்து, ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்து நம் வயல்களில் கிடை போடுவார்கள். ஆட்டில் வருகிற மெலிடென்சிஸ் மனிதரை இன்னும் கடுமையாகப் பிடிக்கிற வகை. வயல்காரர்கள் மறுநாள் வெயிலேறிய பிறகு நெல் அறுத்த தாளில் நடப்பதால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. என் கவலை கீதாரிகளைப் பற்றித்தான். இரவு முழுக்க ஆடுகளுக்கு நடுவே படுக்கிறார்கள், வெறுங்கையால் குட்டி எடுக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் போகிற ஊரில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாதிரி எடுக்க அவர்கள் அதே ஊரில் இருப்பதில்லை. உங்கள் வயலில் கிடை கிடக்கும்போது யாராவது காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்தால், இந்த டெஸ்ட் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கக் காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி இருக்காது. பாக்கெட் பாலிலும் பயம் இல்லை. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பது, வெள்ளாட்டுப் பாலை மருந்து என்று காய்ச்சாமல் குழந்தைக்குப் புகட்டுவது, இந்த இரண்டையும்தான் நிறுத்த வேண்டும்.

நாளை டாக்டரிடம் போகும்போது பழைய தாள்கள் எல்லாவற்றையும், டைபாய்டுக்கு என்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டார் என்ற விவரத்தோடு எடுத்துப் போங்கள். கன்று வீசிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி மேலே வையுங்கள். முதல் ரத்தம் எடுத்த தேதியிலிருந்து பதினாலாம் நாளை எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, சீரத்தை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று இன்று மாலைக்குள் அந்தக் கூடத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இடம் போதாமல் பழைய மாதிரிகளை வாரத்துக்கு ஒரு முறை கொட்டிவிடுகிற கூடங்கள் உண்டு.